ஓர் உறையில் இரண்டு கத்தி

நாவல் படிக்கிறவர்களுக்கும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற அமெரிக்க விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. அந்த ஆட்டக்காரர்களிடையே பல வருஷங்களாக ஓயாமல் நடந்துவரும் ஒரு சண்டை, அடிப்படையில் கதாபாத்திரத்தைப் பற்றிய சண்டை. நாவலாசிரியர்களும் விமரிசகர்களும் போட்டுக்கொள்ள வேண்டிய சண்டையை அவர்கள் பகடைக்காய்களை வைத்துக்கொண்டு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆட்டம் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் எழுதி, 1974-ல் மூன்று சிறு புத்தகங்களாக வெளிவந்தது அது. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்ற ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகப் பேசி, முடிவெடுத்து, பகடை உருட்டுகிறார்கள். வாள் பட்டதா, மந்திரம் பலித்ததா என்பதைப் பகடையில் விழுகிற எண் சொல்லும். ஒருவர் மற்றவரை ஜெயிக்கிற ஆட்டம் அல்ல இது. எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கதையை உண்டாக்குகிறார்கள், அவ்வளவுதான்.

பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘கிளாஸ்’ உண்டு. தொழில் என்று வைத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் மூன்றே தொழில்கள்: போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு. 1975-ல் வந்த துணைப் புத்தகத்தில் திருடனும் சேர்ந்துகொண்டான். அனுபவம் சேரச் சேரப் பாத்திரம் தன் தொழிலில் படிப்படியாக உயரும். ஒரே பாத்திரம் இரண்டு மூன்று தொழில்களில் கால் வைப்பதற்கு மல்ட்டிகிளாஸ் என்று பெயர். இது கதைக்காகவா, பலத்துக்காகவா என்பதுதான் வழக்கு.

பலத்துக்காகத்தான் என்கிறவர்கள் காட்டும் சாட்சி வலுவானது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாலடின் என்று ஒருவன்: மூன்றாம் படியில் புனிதமான ஒரு சபதம் ஏற்று, அதற்குக் கட்டுப்பட்டு வாழ்கிற வீரன். வார்லாக் என்று இன்னொருவன்: மனிதனுக்கு அப்பாற்பட்ட ஏதோ ஒரு சக்தியோடு உடன்படிக்கை செய்துகொண்டு மந்திரம் பெற்றவன். ஒருவன் சபதத்துக்குக் கட்டுப்பட்டவன், மற்றவன் ஒப்பந்தத்துக்குக் கடன்பட்டவன். இரண்டு எஜமானர்களுக்கு நடுவே ஒரு மனிதன் அகப்பட்டுக்கொண்டால் அது எப்பேர்ப்பட்ட கதை! ஆனால் இந்த இரண்டையும் சேர்த்துக்கொண்ட ஆட்டக்காரர்கள் பலர் அந்தக் கதைக்காகச் சேர்த்துக்கொள்ளவில்லை. இரண்டு தொழிலுக்கும் வேண்டிய குணம் ஒன்றே, ஆளுமைக் கவர்ச்சி. வார்லாக்கின் மந்திர சக்தி ஒரு மணி நேர ஓய்வில் திரும்பிவிடும்; அதைப் பாலடினின் வாள்வீச்சிலே ஏற்றி அடிக்கலாம். 2017-ல் வந்த இன்னொரு புத்தகம், வாளையே அந்தக் கவர்ச்சியால் வீசலாம் என்று ஒரு வழியையும் காட்டிக் கொடுத்தது. கணக்கு அழகாகச் சரிக்கட்டிவிட்டது. மனிதன்தான் காணாமற் போய்விட்டான்.

எதிர்க்கட்சிக்காரர்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. பிறந்ததிலிருந்து சாகும்வரை ஒரே தொழிலோடு இருக்கிறவன் எந்தக் கதையில் இருக்கிறான் என்று கேட்கிறார்கள். ராபர்ட் ஈ. ஹவார்டின் கோனனைக் காட்டுகிறார்கள். கைகாக்ஸ் தம்மைத் தூண்டிய எழுத்தாளர்கள் என்று 1979-ல் அச்சிட்ட பட்டியலில் ஹவார்டும் உண்டு. கோனன் திருடனாக இருந்தான், கடற்கொள்ளைக்காரனாக இருந்தான், கூலிப்படையில் இருந்தான், ராஜாவும் ஆனான். உண்மைதான். ஆனால் 1932-ல் வெளிவந்த முதல் கோனன் கதையிலேயே அவன் ராஜா. கிரீடத்தைப் பிடித்துவிட்டு, ராஜ்ய நிர்வாகம் பிடிபடாமல் சலித்துப்போய் உட்கார்ந்திருக்கிறான். பழைய கோனன் புதிய கோனனுக்குள் இடறிக்கொண்டே இருப்பதுதான் அங்கே சுவாரஸ்யம். தொழில்களின் எண்ணிக்கை அல்ல.

இந்த இடறலை ஆட்ட விதியாகவே எழுதிய ஒரு காலம் இருந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. 1978-ல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில், குள்ளர்கள், எல்ஃப்கள் போன்ற மனிதரல்லாத இனத்தார் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று தொழில்களை நடத்தலாம். சேர்கிற அனுபவப் புள்ளிகளைத் தொழில்களுக்குச் சமமாகப் பங்கிட வேண்டும். மனிதனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவன் முதல் தொழிலை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, இரண்டாவதை அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். புதிய தொழிலில் பழையதைத் தாண்டி உயரும்வரை பழைய வித்தையைத் தொடக்கூடாது. தொட்டால் அந்தப் பயணத்தில் சம்பாதித்த அனுபவம் அத்தனையும் வீண்.

விதி எழுதியவர் எதை உத்தேசித்து எழுதினாரோ, தெரியாமலே ஒரு நாவலின் கருவை எழுதிவிட்டார். விக்டர் ஹ்யூகோவின் நாவலைச் சுத்தானந்த பாரதியாரின் ‘ஏழை படும் பாடு’ வழியாகப் படித்தவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். ழான் வால்ழான் கைதியாக இருந்தவன். பெயரை மாற்றிக்கொண்டு, நகரத் தலைவனாக, கௌரவமான மனிதனாக வாழ்கிறான். வண்டிக்கடியில் ஒரு கிழவன் சிக்கிக்கொள்கிறான். அதைத் தோள் கொடுத்துத் தூக்கக்கூடியவன் ஒரே ஒருவன்தான், அவன் ஒரு பழைய கைதி என்று போலீஸ்காரன் ழாவேர் பக்கத்திலேயே நின்று சொல்கிறான். தூக்கினால் புதிய வாழ்வு போய்விடும். தூக்காவிட்டால் கிழவன் செத்துப்போவான். வால்ழான் தூக்குகிறான். ஆட்டக்காரர் பாஷையில், பழைய தொழிலின் வித்தையைத் தொட்டுவிட்டான், அனுபவப் புள்ளிகளை இழந்துவிட்டான். நமக்கோ அந்த இடத்தில் நெஞ்சு விம்முகிறது.

பிற்பாடு இந்த விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில், ஒவ்வொரு படி ஏறும்போதும் எந்தத் தொழிலை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். தொழில்களுக்கிடையே ஏற்றத்தாழ்வு மிஞ்சினால் அனுபவத்தில் நூற்றுக்கு 20 பிடித்தம், அதற்கும் விலக்குகள். 2014 பதிப்பில் இரு தொழிலுக்கும் உரிய குணம் 13 புள்ளிக்குக் குறையாமல் இருந்து, ஆட்டத்தை நடத்துகிறவர் சம்மதித்தால் போதும். விலையே இல்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு தொழிலில் கால் வைத்தவன் ஒன்றின் இருபதாம் படியை எட்ட முடியாது. ஆனால் இது கணக்குப்பிள்ளையின் நஷ்டம். ஆட்டக்காரர் வீட்டிலேயே கூட்டிக் கழித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட நஷ்டம். பாத்திரத்துக்கு அது வலிப்பதில்லை. மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் கண்ணிலும் படுவதில்லை.

கணக்குப் போடுகிறவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. தம் பாத்திரத்தின் பூர்வ கதையைப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அநாதைக் குழந்தை, எரிந்துபோன கிராமம், துரோகம் செய்த குரு, ஆகையால் இரண்டு தொழில். இவர்கள் தங்களைக் கதையின் கட்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ இரண்டு கூட்டத்தாரும் ஒரே தவற்றைச் செய்வதாகத்தான் படுகிறது. ஒருவர் முடிந்துபோன கணக்கோடு வருகிறார், மற்றவர் முடிந்துபோன கதையோடு வருகிறார். நடக்கவேண்டியது எதுவும் பாக்கி இல்லை என்றால் மற்ற நால்வரும் அங்கே எதற்கு? வேடிக்கை பார்க்கவா?

தொழில் என்ற சுவரையே இடித்துவிட்டால் என்ன என்றும் கேட்கலாம். 1978-லேயே ரூன்க்வெஸ்ட் என்ற ஆட்டம் அப்படிச் செய்து பார்த்தது. அதில் கிளாஸ் கிடையாது. கையாளக் கையாள வித்தை வளரும். வாழ்க்கைக்கு இது நெருக்கமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சுவர் இல்லாத இடத்தில் சுவரேறிக் குதிக்கிற காட்சியும் இல்லை. வாளைக் கீழே வைத்துவிட்டு மந்திரச் சுவடியைக் கையில் எடுக்கிற அந்த ஒரு கணம், நடுவிலே கோடு இருந்தால்தான் கணமாகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. ஆட்டக்காரரின் மனத்திலே பலத்தின் ஆசை இருக்கிறதா என்று துருவ வேண்டியதில்லை. பலத்துக்கு ஆசைப்படாத கதாநாயகன் யார்? எதை விட்டுவிட்டு இதை எடுத்தான் என்ற கேள்விக்கு மேஜையின்மேல், எல்லோர் கண்முன்னும், பதில் கிடைக்கிறதா என்று பார்த்தால் போதும். பாலடின் வார்லாக் ஆகட்டும். ஆனால் ஒப்பந்தக்காரன் ஒரு நாள் கூலி கேட்டு வரவேண்டும், அன்றைக்குச் சபதம் குறுக்கே நிற்க வேண்டும். அந்த நாளைக் கொண்டுவரத் தெரிந்தவர் ஆட்டத்தை நடத்தினால், பேராசையில் பிறந்த பாத்திரமும் மனிதனாகிவிடும். அந்த நாள் வரவேயில்லை என்றால், உறையில் இரண்டு கத்தி இருக்கிறது, பிடிக்கிற கையைத்தான் காணோம்.