துணி என்று சொல்லலாமா?

கதிர்காமம் கடைத்தெருவில் காய்கறி வாங்குகிறீர்கள். கடைக்காரர் தரும் பை சற்றே சொரசொரப்பாக இருக்கிறது. அதில் வரிசையாகப் புள்ளிகள் அழுந்தியுள்ளன. "துணிப்பைதான்" என்கிறார். இந்தப் பெயர் சரியா?

துணிக்குப் பாவும் ஊடும் வேண்டும். ரோடியர் மில்லைக் கண்ட ஊரார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தப் பைக்கோ தறியே தேவையில்லை. பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கை உருக்கி, நுண்துளைகள் வழியே இழைகளாக இழுத்து, ஓடும் பட்டையின்மேல் பரப்புகின்றனர். பின்பு சூடான இரு உருளைகளுக்கிடையே அழுத்துகின்றனர். ஓர் உருளையில் செதுக்கிய மேடுகள் படும் இடங்களில் இழைகள் இளகி ஒட்டிக்கொள்கின்றன. நெசவு என்று நாம் மயங்கும் புள்ளிகள் இவையே.

நீங்களே சோதித்துப் பாருங்கள். அச்சு மை படாத சிறு துண்டை வெட்டி, சோப்பு நீரில் பிசைந்து காற்றுக் குமிழ்களை நீக்குங்கள். பெரும்பாலும் அது மிதக்கும். பாலிபுரொப்பிலீனின் ஒப்படர்த்தி சுமார் 0.9. பருத்திக்கு 1.5, அது மூழ்கிவிடும்.

நெய்யாத் துணியே தீது என்பதன்று என் வாதம். 2020-இல் நம் கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரியில் கொரோனா நோயாளிகளைக் கவனித்தவர்களைக் காத்த முகக்கவசமும் இவ்வினமே. குறை பெயரில்தான் உள்ளது. துணியென நம்பி எறிந்த பை மண்ணில் மட்காது. வெயிலில் நைந்து பிளாஸ்டிக் தூளாகும். மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு விதியும் இதைப் பிளாஸ்டிக் பை என்றே குறிப்பிட்டு, சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது என்கிறது.

சட்டம் பிளாஸ்டிக் என்பதைக் கடை துணி என்று விற்கலாமா? அடுத்த முறை கடைக்காரரிடம் கேளுங்கள். கையில் பருத்திப் பையுடன் கேளுங்கள்.