விளைவும் விழுமியமும்: ஓகில்வியின் விளம்பரக் கொள்கை பற்றிய ஒரு நோக்கு

விளம்பரம் பொருளை விற்க வேண்டும். விற்காத விளம்பரம் எத்துணை அழகியதாயினும் வீணே. இக்கோட்பாட்டை அடித்தளமாகக் கொண்டெழுந்த நிறுவனங்களுள் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கது, டேவிட் ஓகில்வி 1948ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் ஆரம்பித்த விளம்பர நிறுவனமாகும். அந்நிறுவனத்தின் விழுமியங்களை 1963இல் வெளியிட்ட தமது நூலில் அவரே விரித்துரைத்தார். அவை இன்று விளம்பரத்துறையினரின் வேதமாகக் கொள்ளப்படுகின்றன. எனினும், ஒரு கொள்கையின் வலிமையை அது பிறந்த இடத்தில் மட்டும் வைத்து மதிப்பிடுதல் போதாது. விளம்பரப் படங்களில் அதிகம் காட்டப்படும் உழைப்பாளருள் ஒருத்தி, தேயிலைக் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண். பலாங்கொடையிலிருந்து பொகவந்தலாவை நோக்கி ஏறும் பாதையோரத் தோட்டங்களில் அவளை நேரிற் காணலாம். அவளை உரைகல்லாகக் கொண்டு ஓகில்வியின் விழுமியங்களை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓகில்வி எழுத்தாளராக இத்துறைக்கு வந்தவரல்லர். ஸ்கொட்லாந்தில் வீடு வீடாகச் சென்று சமையல் அடுப்பு விற்றவர். பின்னர் அமெரிக்காவிற் கலப்பின் கருத்துக்கணிப்பு நிறுவனத்திற் பணியாற்றியவர். கதவைத் தட்டி விற்ற அனுபவமும் மக்களின் விருப்பத்தை எண்ணிக் கணித்த அனுபவமும் அவரது கொள்கையின் இரு கால்களாயின. இவற்றுக்குத் தத்துவ அடிப்படை வழங்கியவர் அவருக்கு முன்னோடியான குளோட் ஹொப்கின்ஸ். 1923இல் வெளிவந்த ஹொப்கின்ஸின் 'விஞ்ஞான முறை விளம்பரம்' என்னும் நூலை ஏழுமுறை படியாதவன் இத்தொழிலைத் தொடவே கூடாது என்னும் கருத்துடையவர் ஓகில்வி. விளம்பரத்தோடு ஒரு கூப்பனை இணைத்து, எத்தனை கூப்பன்கள் திரும்பி வந்தன என எண்ணி, அவ்வெண்ணிக்கையால் விளம்பரத்தின் தகுதியை நிறுவுதல் ஹொப்கின்ஸின் வழியாகும்.

இம்மரபின் விழுமியங்களை நான்காக வகுக்கலாம். முதலாவது, விளைவை அளத்தல். இரண்டாவது, எழுதுமுன் பொருளை ஆராய்தல். மூன்றாவது, வெற்றுப் புகழுரையைத் தவிர்த்துத் திட்டமான உண்மையைக் கூறுதல். நான்காவது, வாங்குபவரை அறிவிலியாகக் கருதாது மதித்தல். தன் குடும்பத்தவர் படிப்பதைத் தான் விரும்பாத விளம்பரத்தை எவனும் எழுதலாகாது என்பது ஓகில்வி வகுத்த விதிகளுள் ஒன்று. றோல்ஸ் றொய்ஸ் கார் விளம்பரத்தை எழுதுமுன் மூன்று வாரங்கள் அக்காரைப் பற்றிய செய்திகளையே அவர் படித்தார் என்பர். ஊதியத்திலும் இந்நேர்மையை நாடினார். வாடிக்கையாளர் பத்திரிகைகளுக்குச் செலவிடும் தொகையில் நூற்றுக்குப் பதினைந்து வீதத்தைத் தரகாகப் பெறுவது அக்கால வழக்கம். செலவு பெருகினால் தரகும் பெருகும்; விற்பனை பெருகினும் பெருகாவிடினும் நிறுவனத்துக்கு நட்டமில்லை. இதிலுள்ள முரண்பாட்டை உணர்ந்த ஓகில்வி, 1960இல் ஷெல் நிறுவனத்தின் பணியைத் தரகு முறையை விடுத்து, நிர்ணயித்த கட்டணத்துக்கு ஏற்றுக்கொண்டார். இவை போற்றத்தக்கனவே என்பதில் ஐயமில்லை.

விளைவை மட்டும் நோக்கி, உண்மையைக் கைவிட்ட விளம்பரம் எத்தகையது என்பதை மலையகத்தின் வரலாறே எடுத்துக்காட்டும். தமிழகத்துக் கிராமங்களில் ஆட்கட்டச் சென்ற கங்காணி, நாம் அறிந்த மிகத் திறமையான விளம்பரக்காரனாவான். கண்டிச் சீமையில் தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்ற கதை இன்றும் மலையகத்தில் நினைவுகூரப்படுகின்றது. கங்காணிக்குக் கிடைத்த காசும் விளைவைப் பொறுத்ததே. அவன் கூட்டிவந்தோருள் நாள்தோறும் வேலைக்கு இறங்குவோரின் தலையை எண்ணியே அவனுக்குத் தலைக்காசு வழங்கப்பட்டது. கூப்பனை எண்ணும் முறைக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தலையை எண்ணும் முறை இருந்தது எனலாம். விளைவு மட்டுமே அளவுகோலெனின் கங்காணி முழு வெற்றி பெற்றவனாவான். ஆகவே ஓகில்வி வற்புறுத்திய உண்மையும் மதிப்பும் அவரது கொள்கைக்கு வெறும் அணிகலன்களல்ல. அவை நீங்கின் அக்கொள்கையில் எஞ்சுவது கங்காணியின் தொழிலே.

ஆனால் அவ்வுண்மை எத்தகைய உண்மை என்ற வினா இவ்விடத்து எழுகின்றது. ஹொப்கின்ஸ், ஷ்லிட்ஸ் என்னும் பியர் நிறுவனத்துக்காக எழுதிய விளம்பரம் இதற்குத் தக்க சான்று. போத்தல்களை நீராவியால் தூய்மை செய்யும் முறையை அவர் விரிவாக வருணித்தார். எல்லா நிறுவனங்களும் அவ்வாறே செய்தன. ஆனால் அதனை முதலிற் சொன்னவர் அவர். சொன்னது பொய்யன்று. எனினும் எல்லோருக்கும் பொதுவான உண்மையை ஒருவர் தமது தனிச்சிறப்பாக்கிக் கொண்டார். எதைச் சொல்வது, எதைச் சொல்லாது விடுவது என்னும் தெரிவில் விளம்பரத்தின் அறம் தங்கியுள்ளது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

தேயிலை விளம்பரம் இத்தெரிவின் வரலாறேயாகும். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கேத்தலுக்கு என்னும் கருத்தை உலகெங்கும் பரப்பினார். 1932இல் தேயிலைப் பிரசாரச் சபை அமைக்கப்பட்டது; அதன் செலவுக்கு ஏற்றுமதித் தேயிலை மீது தீர்வை விதிக்கப்பட்டது. 1972இல் நாட்டின் பெயர் மாறிய பின்னரும் தேயிலை 'சிலோன்' என்ற பெயரை இழக்கவில்லை. அப்பெயருக்குச் சந்தையில் இருந்த மதிப்பே காரணம். இப்பெயரின் பின்னணியில் ஓர் ஆண்டு நினைவுகூரத்தக்கது. ஓகில்வியின் நிறுவனம் தோன்றிய அதே 1948இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. கொழுந்து பறித்தவளின் சமூகத்தவரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அவள் பறித்த இலை இலங்கையின் பெயரைத் தாங்கி உலகை வலம் வந்தது; அவளுக்கோ அப்பெயர் மறுக்கப்பட்டது. பெட்டியின் மேல் அவளது முகம் இருந்தது. வாக்காளர் இடாப்பில் அவளது பெயர் இல்லை. படம் பொய் சொல்லவில்லை. உண்மையின் ஒரு பாதியைச் சொல்லி மறுபாதியை மறைத்தது.

அளத்தல் என்னும் விழுமியத்தையும் இவ்வாறே சோதிக்கலாம். பலாங்கொடைத் தோட்டங்களில் அளவை இல்லாமலில்லை. கொழுந்து நிறுக்கப்படுகின்றது, ஈரத்துக்கும் கூடைக்குமெனக் கழிக்கப்படுகின்றது, குறித்த இறாத்தலோ கிலோவோ நிறையாவிடின் முழுப்பேர் அரைப்பேராகின்றது. விளைவுக்கேற்ற ஊதியம் என்னும் தத்துவத்தைத் தோட்டத்துப் பெண்ணுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. விளம்பரம் தோற்றால் நிறுவனம் ஒரு வாடிக்கையாளரை இழக்கலாம். கொழுந்து குறைந்தால் அவள் அன்றைய அடுப்பையே இழக்கின்றாள். விளைவின் சுமை இருவர் தோளிலும் சமமாக இல்லை.

இதற்கு மறுப்பொன்று கூறப்படலாம். விளம்பரக்காரன் சமூகச் சீர்திருத்தவாதியல்லன். தேயிலை விற்றாற்றானே தொழிலாளியும் வாழமுடியும் என்பதே அது. இம்மறுப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1930களின் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை வீழ்ந்தபோது தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச வேதனமும் குறைக்கப்பட்டது. விற்பனை வீழ்ந்தால் அவ்வீழ்ச்சி லயத்தை உடனே எட்டுகின்றது என்பது உண்மையே. ஆயின் விற்பனையின் உயர்வு அதே வேகத்தில் எட்டுகின்றதா? 2015இல் எழுந்த 1000 ரூபா நாட்சம்பளக் கோரிக்கை 2021இலேயே நிறைவேறியது. அவ்விடைக்காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் தேயிலை ஏற்றுமதி நூறு கோடி அமெரிக்க டொலருக்கு மேல் ஈட்டியது. விளைவு இருந்தது, அது மலையேறி வர ஆறு ஆண்டுகள் எடுத்தது. இதற்கு விளம்பரக்காரன் மட்டும் பொறுப்பாளியல்லன். ஆனால், தொழிலாளியின் வாழ்வைத் தன் தொழிலுக்கு நியாயமாகக் காட்டுபவன், அவ்வாழ்வையும் தன் கணக்கிற் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவனாகின்றான்.

இங்கேதான் ஓகில்விக் கொள்கையின் எல்லை புலப்படுகின்றது. அவரது விழுமியங்கள் விற்பவன், வாங்குபவன் என்னும் இருவருக்கிடையே வகுக்கப்பட்டவை. விற்பவனுக்கு விளைவு, வாங்குபவனுக்கு உண்மையும் மதிப்பும். உற்பத்தி செய்பவர் என்னும் மூன்றாமவர் படத்தில் மட்டுமே இடம்பெறுகின்றார், கணக்கில் இடம்பெறவில்லை. இக்குறை ஓகில்வியின் தனிப்பட்ட குறையன்று. சந்தையை மட்டும் உலகமாகக் கண்ட ஒரு சிந்தனை மரபின் குறையாகும்.

எனினும் இக்குறையைப் போக்கும் வழி அவரது விதிகளுக்குள்ளேயே உண்டு. தன் குடும்பத்தவர் படிப்பதைத் தான் விரும்பாத விளம்பரத்தை எழுதலாகாது என்றார் அவர். அவ்விதியை ஓரடி முன்னே நகர்த்தினாற் போதும். ஒரு தேயிலை விளம்பரம் அச்சேறுமுன், படத்திலுள்ள பெண்ணின் லயத்து வாசலில் அவளது மொழியில் அதனைப் படித்துக் காட்டலாம். அவள் "ஆம், இது நாங்கள்தாம்" என்று சொல்வாளாயின் அவ்விளம்பரம் உண்மையானது. அவள் சிரித்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விடுவாளாயின், எத்தனை பெட்டிகள் விற்றாலும் அது தேங்காயும் மாசியும் காட்டிய பழைய கதையின் புதிய பதிப்பே.