மேய்ப்பரும் நூலும்: தனிநாயக அடிகளார் காட்டிய நெறி

சமயத் தலைமை என்பது பிறர்க்கு வழி சொல்லும் பொறுப்பு. வழி சொல்வோன் தான் நடந்த தெருவை மட்டும் அறிந்திருந்தால் போதாது. பிறர் நடந்த தெருக்களையும் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவைத் தருவது நூற்பயிற்சி. இதனை மறுப்போர் கிறித்துவ உலகில் உளர். குருவானவர்க்குத் திருமறையும் செபமும் போதும். பிற நூல்களில் கழியும் நேரம் ஆன்மாக்களிடமிருந்து திருடிய நேரம் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தை எடைபோடத் தக்க சான்று மலேசிய மண்ணிலேயே உண்டு. 1961 முதல் 1969 வரை கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறையில் பேராசிரியராக விளங்கிய சேவியர் தனிநாயக அடிகளாரின் வாழ்வும் எழுத்துமே அச்சான்று.

கார்த்தேசு தந்த பாடம்

யாழ்ப்பாணத் தீவகத்தில் 1913இல் பிறந்த அடிகளார், உரோமையில் இறையியல் பயின்று 1938இல் குருப்பட்டம் பெற்றார். ஆயர் சிப்பிரியான் காலத்துக் கார்த்தேசு நகரக் குருமாரைப் பற்றியதே அங்கு அவர் செய்த ஆராய்ச்சி. மூன்றாம் நூற்றாண்டினரான இச்சிப்பிரியான், 258இல் மறைக்காக உயிர் நீத்தவர். அவர் தெர்த்துல்லியனின் நூலைப் படிக்காமல் ஒரு நாளும் கழித்ததில்லை என்றும், ஆசானைத் தருக என்று கேட்டு அந்நூலை வாங்குவார் என்றும் புனித எரோணிமுசு எழுதிவைத்துள்ளார். தெர்த்துல்லியனோ தம் இறுதிக்காலத்தில் திருச்சபையின் பொதுநெறியை விட்டு விலகியவர். விலகிச் சென்றவனின் நூலையும் ஆசானாகக் கொண்ட ஒருவரே திருச்சபையின் சிறந்த ஆயர்களுள் ஒருவராகவும் விளங்கினார். தம்மோடு உடன்படுவோரை மட்டும் படிப்பவன் தன்னையே படிக்கிறான் என்பது இதனால் பெறப்படும்.

மாணவரான குருவானவர்

ஆங்கிலக் கல்வியில் வளர்ந்த அடிகளார்க்குத் தமிழ்ப் புலமை பிறப்பொடு வந்ததன்று. 1940இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக அமர்ந்தபோதுதான் அக்குறை அவரை உறுத்திற்று. உரோமையில் முனைவர் பட்டம் பெற்ற குருவானவர், பண்டிதர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்து இலக்கியம் கற்றார். பின்னர் 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் புகுந்து முறையாகப் பயின்றார். பீடத்தில் நிற்பவர்க்குப் பிறர் முன் மாணவராக அமர்தல் எளிதன்று. நூற்பயிற்சி சமயத் தலைவர்க்குத் தரும் முதற்பயன் அறிவு அன்று, பணிவே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

குருமடத்தில் கற்ற இலத்தீன் வீணாகவில்லை. சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்த அவரது நூல், கிரேக்க இலத்தீன் கவிஞரின் இயற்கைக் காட்சியோடு குறிஞ்சியையும் நெய்தலையும் ஒப்புநோக்குகிறது. நிலமே உள்ளத்து ஒழுக்கத்திற்கு அடையாளமாக நிற்கும் திணைநெறியின் தனித்தன்மை, பிறமொழிக் கவிதையை அறிந்த கண்ணுக்கே முழுமையாகப் புலப்படும். இரு கரைகளையும் கண்டவரே ஆற்றின் அகலத்தை அறிவார்.

கோலாலம்பூரில் விளைந்த பயன்

போர்த்துகீசியக் குருவானவர் அந்தாம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ்–போர்த்துகீசிய அகராதி, அவர் மறைந்த பின் 1679இல் அச்சேறியது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த அதன் படியைக் கண்டறிந்து, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டவர் அடிகளார். அவ்வாண்டு ஏப்பிரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடும் அந்நகரிலேயே கூடிற்று. கத்தோலிக்கக் குரு முன்னின்று கூட்டிய மாநாட்டை முசுலிம் பிரதமரான துங்கு அப்துல் ரகுமான் தொடங்கிவைத்தார். ஆராயப்பட்டதோ சைவமும் வைணவமும் சமணமும் பௌத்தமும் வளர்த்த இலக்கியம். திருமூலர் வாக்கொன்றைத் தம் வாழ்வின் குறிக்கோளுரையாகக் கொண்டவர் அவர். பிரசங்கத்தால் மட்டும் ஒரு குருவானவர் பெற்றிருக்க முடியாத செவிகளை அவரது நூற்பயிற்சி பெற்றுத் தந்தது. எனவே அது மறைப்பணியிடமிருந்து திருடிய நேரம் ஆகாது.

ஒரு குறை

ஆயினும் பாராட்டோடு நிறுத்துவது திறனாய்வு ஆகாது. அடிகளாரின் ஆழ்ந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை. 1952இல் அவர் தொடங்கிய ‘தமிழ்க் கல்ச்சர்’ இதழும், தமிழியல் நூல்களுக்கு வழிகாட்டியாக 1966இல் வெளியிட்ட நூற்பட்டியலும் ஆங்கிலமே. தமிழை உலகறியச் செய்ய அது வேண்டியதே. ஆனால் 1950களில் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதிக்குச் சாதாரணத் தமிழர் மனமுவந்து பொருள் கொடுத்தது பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ் நூல்கள் சேர வேண்டும் என்பதற்காகவே. அம்மக்கள் கையில் அடிகளார் தமிழில் கொடுத்தவை ‘தமிழ்த்தூது’, ‘ஒன்றே உலகம்’ போன்ற சில நூல்களே. அவற்றுள்ளும் ‘ஒன்றே உலகம்’ பல நாடுகளை விரைந்து கடக்கிறது. ஒரு நாட்டின் உள்ளத்தைக் காணுமுன் அடுத்த நாடு வந்துவிடுகிறது. பரந்து படித்தவர்க்கு நேரும் இடர் இதுவே. நடை தெளிவானது, நோக்கம் உயர்ந்தது. தங்கி நின்று சொல்லும் பொறுமை மட்டும் சில இடங்களில் குறைகிறது.

இன்றைய கடமை

இக்குறை பிறர் நிறைவு செய்யக் கிடைத்த இடமும் ஆகும். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் தமிழில் வழிபடும் கிறித்துவ மக்கள் இன்றும் உளர். கிள்ளானில் 1928இல் எழுந்த லூர்து மாதா கோயில் நூற்றாண்டை நெருங்குகிறது. இங்கெல்லாம் தலைமை என்பது குருவானவரோடும் போதகரோடும் முடிவதில்லை. உபதேசியார்க்கும், செபக்கூட்டம் நடத்துவோர்க்கும், இல்லத்தில் மாலைச் செபத்தை முன்நின்று சொல்லும் தந்தைக்கும் அது உரியது. பிறர் பிரசங்கத்தைக் கேட்டு அதனையே திருப்பிச் சொல்லும் தலைவன், நாளடைவில் எதிரொலியாகவே ஆகிவிடுகிறான். தந்தையின் கையில் நூலைக் காணாத மகனுக்குப் படி என்னும் அறிவுரை வெறும் ஓசையே.

நூல் நிறைய வேண்டுவதில்லை. திருமறையோடு குறளையும், வீரமாமுனிவரின் தேம்பாவணியையும், கிருட்டிணப் பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தையும் சிறிது சிறிதாகப் படித்தாலே பேச்சில் உரம் ஏறும். செய்யுள் கடினம் என்போர்க்குப் பொருள் சொல்லித் துணைநிற்றல் தமிழாசிரியரின் பணி. துணை கேட்கத் தயங்காமை தலைவரின் பணி. அடிகளார் கற்றதும் அவ்வாறே. பீடத்திலிருந்து இறங்கி மாணவர் பலகையில் அமர்ந்ததால் அவர் சிறுத்துவிடவில்லை, அங்கிருந்தே வளர்ந்தார்.