நாலு பேர் மெச்ச

‘36 வயதினிலே’ படத்தின் இறுதியில் வசந்தி குடியரசுத் தலைவரை இரண்டாம் முறையாகச் சந்திக்கிறாள். முதல் சந்திப்பில் பேச்சு வராமல் மயங்கி விழுந்தவள் அவள். ஊர் சிரித்தது, கணவனும் மகளும் கூசிப்போனார்கள். இந்த முறை தடுமாறாமல் கேட்கிறாள். ஒரு பெண்ணின் கனவுக்குக் காலாவதித் தேதி குறிப்பது யார் என்பது அந்தக் கேள்வியின் சாரம். 2015 மே மாதம் படம் வெளியானபோது திரையரங்கில் என்னைச் சுற்றியிருந்த பெண்கள் கைதட்டினார்கள். பல ஆண்டுகள் கழித்து ஜோதிகாவைத் திரையில் பார்த்த மகிழ்ச்சியும் அந்தச் சத்தத்தில் சேர்ந்திருந்தது. நானும் தட்டினேன். நல்ல கேள்விதான். ஆனால் அதைக் கேட்க அவள் ஏன் குடியரசுத் தலைவரின் முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது என்ற யோசனை அன்றிலிருந்து என்னை விடவில்லை.

வசந்தி வருவாய்த் துறையில் எழுத்தர். கணவனுக்கு அயர்லாந்து போகும் ஆசை. அவளும் அங்கே வேலைக்கு முயல்கிறாள், வயது முப்பத்தாறு என்பதால் கதவு சாத்தப்படுகிறது. கணவனும் மகளும் அவளை விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். அவர்கள் போன பிறகு வீட்டில் நிலவும் அமைதியை இயக்குநர் ரோஷன் ஆண்ட்ரூஸ் நன்றாகவே எடுத்திருக்கிறார். தன் ‘ஹவ் ஓல்ட் ஆர் யூ’ என்ற மலையாளப் படத்தையே அவர் தமிழில் மறுபடி எடுத்தார், அதில் நடித்தவர் மஞ்சு வாரியர். கல்லூரித் தோழி சூசன் வந்து, நீ இப்படி இருந்தவள் இல்லையே என்று உலுக்குகிறாள். வசந்தி மொட்டை மாடியில் காய்கறி போடத் தொடங்குகிறாள்.

எனக்குப் பிடித்த பகுதி இந்த இடத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. பேருந்தில் தினமும் பார்க்கும் வயதான பெண்மணி ஒருவர் சில நாட்களாக வரவில்லை. வசந்தி விசாரித்து, தேடிப் போய்ப் பார்க்கிறாள். அவளை யாரும் அனுப்பவில்லை. அங்கே போவதால் அவளுக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. முப்பத்தாறு வயதில் ஒருத்தி தன் நேரத்தை யாருக்குக் கொடுப்பது என்று தானே முடிவுசெய்கிற காட்சி அது. மாடித் தோட்டமும் முதலில் அப்படித்தான் இருக்கிறது. மண்ணும் விதையும் அவளுமாக.

அதற்குப் பிறகு படத்துக்கு அவசரம் வந்துவிடுகிறது. பெரிய இடத்துக் கல்யாணத்துக்குக் காய்கறி கேட்கிறார்கள். பூச்சிமருந்து அடித்த காய்கறியைப் பற்றி வசந்தி மேடையில் பேசுகிறாள், மண்டபமே எழுந்து நிற்கிறது. திட்டம், செய்தி, அழைப்பு, டில்லி. ஒவ்வொரு படியிலும் பார்வையாளர்களின் எண்ணிக்கை கூடுகிறது, செடிகள் திரையைவிட்டு மறைந்துகொண்டே போகின்றன. அவள் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் தண்ணீர் ஊற்றுவது யார்? கிலோ என்ன விலைக்குக் கொடுத்தாள்? பணம் யார் கணக்கில் விழுந்தது? அந்த மொட்டை மாடி யார் பெயரில் இருக்கிறது? (பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது 1989-இல். இந்திய அளவில் அது 2005-இல்தான் வந்தது. நம் கதாநாயகிகள் எவருக்கும் இந்தச் சட்டம் தெரிந்ததாக நான் பார்த்த படங்களில் இல்லை.) வெற்றியைச் சொல்லும் படம், வெற்றி எதனால் ஆனதோ அதைப் பார்ப்பதில்லை.

அது பார்ப்பதெல்லாம் முகங்களை. குறிப்பாக, முன்பு ஏளனம் செய்த முகங்களை. கணவன் பார்க்க வேண்டும், மகள் பார்க்க வேண்டும், அலுவலகத்தில் சிரித்தவர்கள் பார்க்க வேண்டும். ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்று நம்மை வளர்த்தார்கள். அந்த நாலு பேருக்குப் பயந்துதான் பாவாடையின் நீளமும் வீடு திரும்பும் நேரமும் தீர்மானமாயின. இந்தப் படங்கள் அந்த நாலு பேரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஏசிய வாயாலேயே மெச்சவைத்து, அதற்கு விடுதலை என்று பெயர் வைக்கின்றன. நீதிபதிகள் மாறவில்லை, தீர்ப்பு மட்டும் மாறுகிறது.

முதுகலை வகுப்பில் இந்தப் படத்தைப் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், அவங்களுக்கு டில்லியிலருந்து கூப்பிடு வரலன்னா? மாடியில கத்திரிக்கா வளத்துக்கிட்டே இருந்திருந்தா அது தோத்துப்போன கதையா?” வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தின் கணக்குப்படி ஆமாம், தோற்ற கதைதான். அப்படிப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி எவரும் படம் எடுக்கவும் மாட்டார்கள்.

கே. பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’ 1974-இல் வந்தது. அதன் கவிதா சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்குகிறாள், கசந்து பேசுகிறாள், கடைசியில் தன் வாழ்க்கையை விட்டுக்கொடுத்து மறுபடி வேலைக்குக் கிளம்புகிறாள். அவளுக்குத் தியாகி என்ற பட்டம் கிடைக்கிறது, வேறொன்றும் கிடைப்பதில்லை. நாற்பது ஆண்டுகளில் தியாகி சாதனையாளர் ஆகியிருக்கிறாள் என்பது முன்னேற்றம்தான், அதை மறுக்கமாட்டேன். ‘காற்றின் மொழி’யில் (2018, இயக்கம் ராதாமோகன்) விஜயலட்சுமி வானொலியில் இரவு நிகழ்ச்சி நடத்துகிறாள். அது அவளுக்குப் பிடித்திருக்கிறது. அந்தக் குரலில் ஒரு குதூகலம் இருக்கிறது. பள்ளியில் மகன் பிரச்சினையில் மாட்டியதும் குடும்பம் கூடி உட்கார்ந்து அவள் வேலையை விசாரிக்கிறது. தகப்பனின் வேலையை ஒருவரும் விசாரிப்பதில்லை. படம் இதைக் கண்டிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அந்த விசாரணையில் அவள் கடைசியில் ‘பாஸ்’ ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் படமும் விடுவதில்லை.

எங்கள் கல்லூரி மகளிர் தின விழாக்களிலும் இதுவே நடக்கிறது. சிறப்பு விருந்தினராக ஒரு சாதனைப் பெண் வருவார். காலையில் கோலப்போட்டி, அடுப்பில்லாச் சமையல் போட்டி, பிறகு அவர் உரை. கேள்வி நேரத்தில் முதலில் எழுகிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அவர் தான் அதிகாலை நாலரைக்கு எழுவதைச் சொல்வார், கைதட்டுவோம். இரண்டு தேர்வுகளிலும் முதல் மதிப்பெண் வாங்கியதற்கான கைதட்டல் அது. ஒரு தேர்வை எழுத மறுத்தவரை இதுவரை விருந்தினராக அழைத்ததில்லை.

இனி அச்சில் வந்த இரண்டு பிரதிகளுக்குப் போகிறேன். இரண்டும் இந்தப் படங்களுக்கு ஒரு தலைமுறை முந்தையவை, இரண்டிலும் கைதட்ட ஆளே கிடையாது.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ 1988-இல் அதே தலைப்பில் வந்த தொகுப்பின் கதை. ராஜஸ்தானத்து வீடு ஒன்றில் தெற்கிலிருந்து போன மருமகள் மீனாட்சி. சமையலறை வீட்டின் ஒரு மூலையில், இருட்டாக. வெளியே பச்சை மலைகள். சமையலறைக்கு வெளியே உள்ள இடத்தைப் பெரிதாக்கிப் பாத்திரம் கழுவ வசதி செய்யலாம் என்று மீனாட்சி மாமனாரிடம் சொல்கிறாள். பிறகு அங்கே துணிக்கொடிகள் கட்டப்படுகின்றன. காயும் துணிகள் மலையை மறைத்துவிடுகின்றன. இந்தப் பதிலைவிடக் கச்சிதமான ஆணாதிக்கச் சித்திரம் தமிழ்ச் சிறுகதையில் குறைவு என்பேன். யாரும் அதட்டவில்லை, அடிக்கவில்லை. ஒரு கொடிதான் கட்டினார்கள்.

மீனாட்சியின் கோரிக்கை தோற்றுப்போகிறது. ஆனால் நம் பேச்சுக்கு முக்கியமானவள் மாமியார் ஜீஜி. அந்த வீட்டின் அளவுகோலால் பார்த்தால் ஜீஜி வென்ற பெண். சமையலறையின் அதிகாரமும் நகைகளும் அவளிடம். இவையே உன் பலம் என்று சின்ன வயதில் அவளுக்குச் சொல்லித்தரப்பட்டது, அவளும் அந்தப் பாடத்தைப் பிசகில்லாமல் படித்துத் தேறினாள். நோயில் படுத்திருக்கும் அவளிடம் மீனாட்சி தனியே பேசுகிறாள். அந்த அதிகாரம் அதிகாரமே இல்லை என்று சொல்கிறாள். சமையலறையும் நகையும் உன்னை நிரப்பியிராவிட்டால் நீ வேறு எதையெல்லாம் யோசித்திருப்பாய், எதையெல்லாம் கண்டுபிடித்திருப்பாய் என்ற திசையில் பேச்சு போகிறது. கேட்க மாமனார் இல்லை, கணவன் இல்லை. இரண்டு பெண்கள் மட்டும். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த மதிப்பெண் பட்டியலை ஒருத்தி இன்னொருத்தியின் கையிலிருந்து மெதுவாக வாங்கிக் கீழே வைப்பதுபோல் நான் அதைப் படிக்கிறேன். என் மாணவிகளில் சிலருக்கு இந்தக் காட்சி கொடுமையாகப் படுகிறது. படுத்திருப்பவளிடம் போய் உன் வாழ்க்கை வீண் என்று சொல்லலாமா என்கிறார்கள். எனக்கு அது அன்பாகத்தான் தெரிகிறது. பொய்யான பாராட்டோடு அவளை அனுப்பிவைக்க மீனாட்சிக்கு மனமில்லை.

ஆனால் எல்லா அளவுகோலையும் ஒரே குப்பையில் போட்டுவிட முடியாது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது பாமாவின் ‘கருக்கு’ (1992). சேரித் தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் கயிற்றில் தூக்கிப்போவதைப் பார்த்து வேடிக்கை என்று நினைத்த சிறுமியிடம், அதன் பின்னால் இருப்பது தீண்டாமை என்று அண்ணன் விளக்குகிறான். படி, நன்றாகப் படி, படிப்பில் முந்தினால் மற்றவர்கள் உன்னைத் தேடி வருவார்கள் என்கிறான். அவளும் வெறியோடு படிக்கிறாள், முதலாவதாக வருகிறாள். அந்த முதலிடத்தை, “பிறர் போடும் மதிப்பெண்தானே” என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு அலட்சியமாகச் சொன்னால் அது சாதித் திமிராகத்தான் இருக்கும். தேர்வறைக்குள் நுழையவே தலைமுறைகளாக விடப்படாதவளுக்கு அந்த எண் ஒரு ஆயுதம். வெற்றியை நீயே வரையறுத்துக்கொள் என்ற அறிவுரை, மொட்டை மாடியும் மாதச் சம்பளமும் உள்ளவளுக்கு எளிதாக விளங்கும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்து, வங்கித் தேர்வுக்கு விடிய விடியப் படிக்கும் பெண்ணிடம் அதைச் சொல்வதற்கு முன்னால் நான் என் சம்பளச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

‘கருக்கு’ இந்த இடத்தோடு நிற்காததால்தான் அது பெரிய புத்தகம். படித்து ஆசிரியையான பெண், தன்னைப் போன்ற ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்க நினைத்துத் துறவற மடத்தில் சேர்கிறாள். உள்ளே போய்ப் பார்த்தால் சபை நடத்தும் பள்ளிகளில் வசதியான வீட்டுப் பிள்ளைகள், கூட்டிப் பெருக்குவது தலித்துகள். ஏழு ஆண்டுகளுக்குப் பின் வெளியே வருகிறாள். ஊர்க் கண்ணுக்கு இது சறுக்கல். சோறும் கூரையும் மரியாதையும் இருந்த இடத்தை விட்டுவிட்டு, கையில் வேலை இல்லாமல், கல்யாணம் என்ற ஏற்பாடும் இல்லாமல் தெருவுக்கு வந்தவள். பாமா இதை வீரமாக எழுதவில்லை. பயமாக எழுதுகிறார். பிழைக்கத் தெரியாத திகைப்பை, வெளியுலகில் எப்படி நடப்பது என்றே மறந்துபோன கூச்சத்தை எழுதுகிறார். ஆனால் திரும்பிப் போக நினைக்கவில்லை. மடம் கொடுத்த மரியாதையை வைத்துக்கொண்டு அங்கே நடந்ததற்குத் துணைபோக அவருக்கு முடியவில்லை. அவருடைய வரையறை அவ்வளவுதான். அதற்கு அடுத்த படி கிடையாது, மண்டபம் கிடையாது, டில்லி கிடையாது.

இந்தப் புத்தகத்துக்கும் கைதட்டல் பிறகு வந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000-க்கான கிராஸ்வேர்ட் விருதைப் பெற்றது. பல்கலைக்கழகங்களில் பாடமானது. இதில் எனக்கு மகிழ்ச்சியே, ஏனென்றால் அந்த வழியாகத்தான் அது என் வகுப்புக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் நாங்கள் அதைச் சொல்லித்தரும் முறையைப் பாருங்கள். ‘விருது பெற்ற தலித் பெண் எழுத்தாளர்’ என்றுதான் முதல் வரியைத் தொடங்குகிறோம். விருதிலிருந்து பின்னோக்கிப் படிக்கும்போது மடத்தைவிட்டு வெளியேறியது, பின்னால் வரப்போகும் வெற்றிக்கான முதல் படியாகச் சுருங்கிவிடுகிறது. எழுதியபோது அவருக்கு அப்படி ஒரு படி இருப்பதே தெரியாது. சென்ற பருவத்துக்கான வினாத்தாளை நான்தான் தயாரித்தேன். விருதைப் பற்றிய ஒரு மதிப்பெண் வினாவை எடுத்துவிட்டு, மடத்திலிருந்து வெளியே வந்தவளின் பயத்தைப் பற்றி ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதச் சொன்னேன். விடைத்தாள்களில் பாதிக்கு மேல், “ஆனால் பின்னர் அவர் புகழ்பெற்றார்” என்றே முடிந்திருந்தன.