கனவோடு நின்றுவிடலாமா? மார்ட்டின் லூதர் கிங்கின் உரைகளை வாசித்தல்

மேடைப் பேச்சு அச்சில் ஏறினால் பாதி உயிர் போய்விடும் என்பார்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் உரைத் தொகுப்பைக் கையில் எடுத்தபோது எனக்கும் அந்த ஐயம் இருந்தது. கிளேபோர்ன் கார்சனும் கிரிஸ் ஷெப்பர்டும் பதிப்பித்து 2001-இல் வெளிவந்த 'எ கால் டு கான்சியன்ஸ்' என்னும் நூல் அதை ஓரளவு போக்கியது. கூட்டத்தார் இடையிடையே எழுப்பிய குரல்களையும் அடைப்புக்குறிக்குள் பதிந்திருக்கிறார்கள். நம்ம ஊர் மேடைப் பேச்சு நூல்களில் 'கைதட்டல்' என்று போடுவோமே, அதைவிட ஒரு படி மேல்.

1955 டிசம்பர் 5 அன்று, மாண்ட்கோமரியின் ஹோல்ட் தெரு தேவாலயத்தில் பேசியபோது கிங்குக்கு வயது 26. ரோசா பார்க்ஸ் கைதாகி நான்கே நாள். பேச்சைத் தயாரிக்க இருபது நிமிடம்தான் கிடைத்தது என்று பின்னாளில் அவரே எழுதினார். அச்சிலும் கூட்டம் அவரைத் தூக்கி நிறுத்துவது தெரிகிறது.

1963 ஆகஸ்ட் 28 உரைக்கு வருவோம். எல்லாருக்கும் நினைவிருப்பது கடைசியில் வரும் கனவு மட்டும்தான். எழுதிக் கொண்டுவந்த பிரதியில் அது இல்லை. ஆனால் புதிதும் அல்ல. இதே நூலில் உள்ள ஜூன் 23 டெட்ராயிட் உரையிலும் அந்தக் கனவு வருகிறது. வாஷிங்டன் உரையின் முற்பகுதி பேசுவதோ கடன் கணக்கு! கருப்பின மக்களுக்கு நாடு எழுதிக் கொடுத்த புரோநோட்டு, பணமில்லை என்று திரும்பி வந்த செக். இதை யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

1968 ஏப்ரல் 3 மெம்பிஸ் உரைக்கும் இதே கதிதான். மறுநாளே அவர் சுடப்பட்டதால் மலையுச்சி பற்றிய முடிவுரை புகழ்பெற்றுவிட்டது. அன்று அவர் வந்ததோ வேலைநிறுத்தம் செய்த துப்புரவுத் தொழிலாளர்களுக்காக. எந்தப் பாலை, எந்த ரொட்டியை வாங்கக் கூடாது, பணத்தை எந்த வங்கியில் போட வேண்டும் என்றெல்லாம் பேர் சொல்லிப் பேசுகிறார். ஐந்தாண்டுக்கு முன் திரும்பி வந்த செக்குக்கு இங்கே வசூல் நடக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

இடையில் 1967 ஏப்ரல் 4 அன்று வியட்நாம் போரைக் கண்டித்து ரிவர்சைட் தேவாலயத்தில் ஆற்றிய உரை, எழுதி வாசித்தது. நடை கனமானது, வாசகர் கொஞ்சம் திணறுவார். பெரிய பத்திரிகைகளே அன்று அவர்மேல் பாய்ந்தன என்பதை மனத்தில் வைத்துப் படித்தால் அந்தக் கனத்தின் காரணம் புரியும்.

குறை ஒன்று உண்டு. உரைகளுக்கு முன்னே வரும் அறிமுகங்களில் பல வாழ்த்துரையாகவே நின்றுவிடுகின்றன. கிங்கோடு வாதாடும் குரல் போதவில்லை.

ஆண்டுதோறும் கனவை மட்டும் மேற்கோள் காட்டினால் கிங் யாருக்கும் தொந்தரவு தராத பெரியவராகிவிடுவார். தொகுப்பை வரிசையாகப் படியுங்கள். அவர் கடைசிவரை கணக்குக் கேட்டவர் என்பது விளங்கும்.