நோன்பு முடிந்த பின்னர்: இரோம் ஷர்மிளா ஆதரவு இயக்கம் பற்றி ஒரு விமர்சனம்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், லெந்து கால வேதபாட வகுப்பொன்றில், இரோம் ஷர்மிளாவின் நோன்பைப் பற்றிப் பேசினேன். பல ஆண்டுகள் என் மறையுரைகளில் இடம்பெற்ற எடுத்துக்காட்டு அது. வகுப்பு முடிந்ததும் ஒரு தாய் என்னிடம் வந்து, "ஐயா, அந்தப் பொண்ணு சாப்பிட ஆரம்பிச்ச பிறகு யாரு போய்ப் பாத்தாங்க?" என்று கேட்டார். அவருடைய கணவர் செம்மர வழக்கில் ஆந்திரச் சிறையொன்றில் இருந்து மீண்டவர். சிறையிலிருப்பவரைப் பார்க்கப் போவதென்றால் எத்தனை நாள் கூலி போகும், எத்தனை பேருந்து மாற வேண்டும் என்பதையெல்லாம் அறிந்தவர் கேட்ட கேள்வி அது. அன்று என்னால் விடை கூற இயலவில்லை.

நிகழ்ச்சிகளை வாசகர் அறிவர், சுருக்கமாக நினைவூட்டுகிறேன். 2000 நவம்பர் 2 அன்று மணிப்பூரின் மாலோம் என்னும் இடத்தில் பேருந்துக்காகக் காத்திருந்தோர் உட்பட 10 பேர் அசாம் ரைபிள்ஸ் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆயுதப் படைகளுக்குத் தனி அதிகாரமளிக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கும்வரை உண்பதில்லை என்று ஷர்மிளா உறுதி பூண்டார். தற்கொலை முயற்சி என்னும் குற்றச்சாட்டின்மீது அவர் கைது செய்யப்பட்டார். இம்பால் மருத்துவமனையின் அறையொன்றே அவருக்குச் சிறையாயிற்று. மூக்கின் வழியே செலுத்திய குழாயினால் அவர் உயிர் காக்கப்பட்டது. அக்குற்றத்துக்குரிய தண்டனை ஓராண்டுக்கு மேற்படாதாகையால், ஆண்டுதோறும் விடுவித்து மீண்டும் கைது செய்யும் சடங்கு ஏறத்தாழ 16 ஆண்டுகள் தொடர்ந்தது.

இவ்வளவு காலம் அவர் மறக்கப்படாதிருந்ததற்கு ஆதரவு இயக்கமே காரணம் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2008 டிசம்பர் முதல் இம்பாலில் பெண்கள் முறைவைத்து உண்ணாநோன்பு இருந்தனர். வெறும் கையொப்பத்தோடு நின்றவர்களல்லர் அவர்கள். என் விமர்சனம் அவர்கள்மீதன்று. தொலைவிலிருந்து ஆதரித்த நம்மீது. நாம் கையாண்ட மொழியின்மீது.

நாம் அவரை 'இரும்புப் பெண்மணி' என்றோம். மூக்கில் குழாயுடன் கூடிய அவர் முகத்தைச் சுவரொட்டியாக்கினோம். அக்குழாய் அரசு அவர் உடலில் புகுத்தியது. நம் கையில் அதுவே அவருடைய அடையாளமாயிற்று. இரும்புக்குப் பசியில்லை, காதலுமில்லை. தாம் ஒருவரை நேசிப்பதாக 2011இல் நாளேடொன்றிடம் அவர் கூறியபோது ஆதரவாளரிடையே எழுந்த சினத்தை எண்ணிப் பாருங்கள். 2013இல் தில்லி நீதிமன்றத்தில், தாம் சாக விரும்பவில்லை, வாழவே விரும்புவதாக அவர் எடுத்துரைத்தார். அதை மறையுரையில் கூறியவர் நம்முள் எத்தனை பேர்? நான் கூறியதில்லை. நோன்பை மேற்கோள் காட்டினேனேயன்றி நோன்பிருந்தவரின் சொல்லை அல்ல.

2016 ஆகஸ்டு 9 அன்று அவர் தேனைத் தொட்டு நாவில் வைத்து நோன்பை முடித்தார். வேறு வழியில், தேர்தலின் மூலம், அதே சட்டத்தை எதிர்க்கப்போவதாக அறிவித்தார். தங்குவதற்கு இடம் கிடைக்காமல் அவர் மருத்துவமனைக்கே திரும்ப நேர்ந்தது. 2017 மார்ச்சில் தௌபல் தொகுதியில் அவருக்குக் கிடைத்த வாக்குகள் 90. சட்டம் அப்போதும் நீங்கவில்லை. கோரிக்கை அப்படியே இருக்க, இயக்கம் கலைந்தது. அப்படியானால் நாம் ஆதரித்தது கோரிக்கையையா, கைதியையா, அல்லது அவருடைய பட்டினியையா?

உண்ணாநோன்பில் உயிர் நீத்தோரைப் போற்ற நமக்குத் தெரியும். 1929இல் லாகூர்ச் சிறையில் 63ஆம் நாளில் மாண்ட ஜதீந்திரநாத் தாஸையும், 1956இல் விருதுநகரில் 76 நாள் நோன்பிருந்து மறைந்த சங்கரலிங்கனாரையும் நாடு மறக்கவில்லை. உயிர் பிழைத்து மீண்டும் உண்டவரை எங்ஙனம் வரவேற்பது என்பதற்கு நம்மிடம் மரபில்லை. சங்ககாலத்தில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அவனை முன்பு கண்டிராத பிசிராந்தையார் வந்து பக்கத்தில் அமர்ந்தார். ஆனால் மனைவி கருவுற்றிருந்த பொத்தியாரை, பிள்ளை பிறந்தபின் வருமாறு சோழன் திருப்பியனுப்பினான் என்பதையும் நினைவிற்கொள்க. சாகத் துணிந்தவனுக்கும் பிறக்கப்போகும் குழந்தை பொருட்டாயிருந்தது.

திருமறையிலும் நோன்பு தன்னளவில் தூயதன்று. நாபோத்தைக் கொல்ல யேசபேல் உபவாசத்தைத்தான் கூறச் செய்தாள். அப்போஸ்தலர் 23இல், காவலிலிருந்த பவுலைக் கொல்லுமட்டும் உண்பதில்லை என்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் சபதம் செய்தனர். கைதிக்கு எதிரான உண்ணாநோன்பு அது! பவுலைக் காத்தது எதிர்நோன்பன்று. செய்தியறிந்து கோட்டைக்குள் நுழைந்து அவரைக் கண்ட சகோதரியின் மகன். தானியேலைக் கெபியில் போடுவித்த தரியு அரசன் அன்றிரவு உண்ணவில்லை. விடிந்தவுடன் கெபியண்டைக்கு ஓடினான் என்பதே அவனைப்பற்றி நாம் கூறத்தக்க நன்மை. எஸ்தர் நோன்பு தொடங்குமுன் மொர்தெகாயுக்கு ஆளனுப்பி, தன்னோடுகூட மூன்று நாள் உபவாசிக்கும்படி சூசானின் யூதரைக் கேட்டுக்கொண்டாள். எல்லையும் கால அளவும் அவள் வகுத்தவை. வெளியிலிருந்தோர் அதை நான்காம் நாளுக்கு நீட்டவில்லை.

ஏசாயா 58ஐ வைத்து நாம் ஆற்றும் உரைகளில் கட்டுகளை அவிழ்ப்பது பற்றிப் பேசுகிறோம். பசித்தவனுக்கு அப்பத்தைப் பகிர்வதும் அவ்வதிகாரத்திலேயே உள்ளது. மத்தேயு 25இலோ, காவலிலிருந்தவன் குற்றமற்றவனா, நோன்பிருந்தானா என்ற வினாவே எழவில்லை. பார்க்க வந்தாயா என்பது மட்டுமே வினா.

இவ்வினா இனியும் நம்மை நாடி வரும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா பழைய 309ஆம் பிரிவை நீக்கியது. ஆயினும் அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்குடன் தற்கொலைக்கு முயல்வதை அதன் 226ஆம் பிரிவு குற்றமாகவே வைத்துள்ளது. எனவே உண்ணாநோன்பிருக்கும் கைதிக்காகக் கையொப்பம் கேட்டு ஆயரிடம் வருவோர் இருப்பர். கையொப்பமிடுங்கள், நான் தடுக்கவில்லை. இடுமுன், அவர் தாமே என்ன கேட்கிறார், நாளை அவர் உண்ணத் தொடங்கினால் இந்தக் குழு என்ன செய்யும் என்று வந்தவரிடம் வினவுங்கள்.

நோன்பே இராத கைதிகளும் உள்ளனர். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேருள் ஜவ்வாது மலையினரும் இருந்தனர். மரம் வெட்டக் கூலிக்குச் சென்று சிறைப்பட்ட மற்றவர்களின் படம் எந்தச் சுவரொட்டியிலும் இல்லை. அவர்களுக்காக நான் கையொப்பமிட்ட மனு ஒன்றும் இல்லை.

அத்தாய்க்குரிய விடையைச் சில வாரங்கள் கழித்தே கூறினேன். 2017 ஆகஸ்டில் ஷர்மிளா நம் கொடைக்கானலில் திருமணம் செய்துகொண்டார். அவர் அங்கிருந்தால் ஊரின் அமைதி கெடும் என்று சார்பதிவாளரிடம் ஆட்சேபங்கள் வந்தன, அவை ஏற்கப்படவில்லை. அவ்வாண்டு ஆயர்களின் தியானக் கூடுகைக்காக நானும் அவ்வூருக்குச் சென்றிருந்தேன். நான்கு நாட்கள் தங்கினோம். கைதிகளுக்காகவும் ஜெபித்தோம். அவர் அவ்வூரில்தான் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் போய்ப் பார்க்கவில்லை.