அர்ஜிதான் மணப்பெண்!

ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ நாவலைப் படித்து முடித்ததிலிருந்து, கண்ணில் படுகிறவர்களை எல்லாம் நிறுத்திவைத்து அர்ஜியின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது உங்கள் முறை.

கொழும்பில் ஒரு வசதியான தமிழ்க் குடும்பம். மாதத்தில் ஒரு ஞாயிறு, பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளை எல்லாம் பாட்டி தாத்தாவான அம்மாச்சி, அப்பாச்சி வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். முன்பக்கம் பையன்களின் கிரிக்கெட் ராஜ்யம், கொல்லைப்பக்கம் பெண்பிள்ளைகளின் ராஜ்யம். ஏழு வயது அர்ஜிக்கு முன்பக்கத்தில் என்ன வேலை? கொல்லைப்பக்கக் கல்யாண விளையாட்டில் அவன்தான் மணப்பெண். பழுப்பேறிய பழைய வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டு, முகத்துக்கு ஒப்பனை செய்து, பூ வைத்துக்கொண்டு அவன் நிற்கும் அழகைப் படிக்கும்போது எனக்கே கை தட்டத் தோன்றியது. அந்த விளையாட்டில் யாரும் சீந்தாத வேடம் எது தெரியுமா? மாப்பிள்ளை!

வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒரு மச்சாள் வந்து சேர்கிறாள். மாப்பிள்ளை வேடம் அவள் தலையில் விழுகிறது. பையன் எப்படி மணப்பெண்ணாக இருக்கலாம் என்று அவள் கேட்க, வெடிக்கிறது சண்டை. விஷயம் அவள் அம்மாவின் காதுக்குப் போக, சேலை கட்டிய அர்ஜி பெரியவர்கள் கூடியிருக்கும் அறைக்கு இழுத்துவரப்படுகிறான். ஒரு மாமா கிண்டலடிக்கிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள், அர்ஜியின் அப்பா முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

இனிமேல் கிரிக்கெட்தான் என்று உத்தரவு. அர்ஜி என்ன செய்கிறான் பாருங்கள்: யார் முதலில் மட்டை பிடிப்பது என்று வேண்டுமென்றே ஒரு வம்பைக் கிளப்பி, இந்தப் பக்கமே வராதே என்று பையன்களே விரட்டும்படி செய்துவிடுகிறான். அடேயப்பா, ஏழு வயதில் என்ன மூளை! இத்தனைக்கும் அந்தக் கிரிக்கெட் அணிகளில் ஒன்றுக்குத் தலைமை தாங்குவது மீனா என்ற பெண்பிள்ளை. அவள் மட்டை பிடித்தால் யாருக்கும் உறுத்தவில்லை, அவன் சேலை கட்டினால் வீடே ஆடிப்போகிறது. இதை நாவலாசிரியர் விளக்கிச் சொல்வதே இல்லை. மீனாவை மைதானத்தில் நிறுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார். இதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இந்த நாவலின் சிரிப்பு ஒருபோதும் அர்ஜியைப் பார்த்துச் சிரிப்பதில்லை. நம் சினிமாவில் சேலை கட்டிய ஆணைக் காட்டினாலே அரங்கம் சிரிக்க வேண்டும் என்று பழக்கிவைத்திருக்கிறார்களே, அதற்கு நேர் எதிர். இங்கே அசட்டுத்தனமாகத் தெரிவது பெரியவர்களின் பதற்றம்தான். தன்னிடம் ஏதோ கோளாறு என்ற நினைப்பை வெளியிலிருந்துதான் அவனுக்குள் திணிக்கிறார்கள். அவனாக எடுத்துக்கொண்டது அந்தச் சேலையும் சந்தோஷமும் மட்டுமே.

ஆறு கதைகளாகப் பின்னப்பட்ட நாவல் இது. நடுவில் தமிழ்ப் பெண்ணான ராதா அத்தையும் சிங்களவரான அனிலும் காதலர்களாக வருகிறார்கள். அந்தக் கதையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பக்கம் போதாது. நான் தலையில் வைத்துக் கொண்டாடுவது ஐந்தாவது கதையை. ஆண்பிள்ளையாக மாற்றுவதற்கென்றே அப்பா அர்ஜியை வேறு பள்ளியில் சேர்க்கிறார். அங்கேதான் ஷெஹான் என்ற பையனைச் சந்திக்கிறான், காதலும் வருகிறது! பிரம்பும் கையுமாக இருக்கும் தலைமையாசிரியர், பரிசளிப்பு விழாவில் ஆங்கிலக் கவிஞர் ஹென்றி நியூபோல்ட்டின் கவிதைகளைச் சொல்ல அர்ஜியைத் தேர்ந்தெடுக்கிறார். அந்தக் கவிதைகளை நம்பித்தான் அவர் தன் பேச்சையே தயாரித்திருக்கிறார். அவர் கையில் வதைபடும் ஷெஹானுக்காக அர்ஜி மேடையில் அத்தனை வரிகளையும் வேண்டுமென்றே குளறுபடி செய்கிறான். சபை சிரிக்கிறது. அன்று வீட்டு அறையில் அவனைக் கூனிக்குறுக வைத்த சிரிப்பு, இப்போது அவன் கை ஆயுதம். எனக்குப் புல்லரித்துவிட்டது.

கடைசிக் கதை 1983 ஜூலை, தமிழர்களுக்கு எதிரான கலவரம். வீடு எரிகிறது. அம்மாச்சியும் அப்பாச்சியும் கொல்லப்படுகிறார்கள். குடும்பம் கனடாவுக்குக் கிளம்புகிறது. அதுவரை சிரித்துப் பழகிய மனிதர்கள் என்பதால் இழப்பு நேராக நெஞ்சில் இறங்குகிறது. வீட்டுக்குள் வேறானவனாக நின்ற பையன், நாட்டுக்குள்ளும் வேறானவனாக ஆக்கப்படுகிறான்.

1965இல் கொழும்பில் பிறந்த செல்வதுரையின் அப்பா தமிழர், அம்மா சிங்களவர். அவரும் பத்தொன்பது வயதில் கனடாவுக்குப் போனவர்தான். நாவல் ஆங்கிலத்தில் 1994இல் வெளிவந்தது. ஓரினக் காதலைக் குற்றமாக்கிய 1883ஆம் ஆண்டு ஆங்கிலேயர் சட்டம் இலங்கையில் அப்போதும் நடைமுறையில் இருந்தது. 2020இல் இயக்குநர் தீபா மேத்தா இந்த நாவலைப் படமாக்கினார். படம் பார்த்திருந்தாலும் புத்தகத்தை விடாதீர்கள், அர்ஜியின் குறும்புக் குரல் எழுத்தில்தான் இருக்கிறது.

முதல் கதையை மட்டுமாவது இந்த வாரம் படித்துவிடுங்கள். உங்கள் வீட்டில் வளரும் பிள்ளை யாரேனும் அர்ஜியைப் போல இருந்தால், அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் புத்தகத்தை வையுங்கள்.